டீ-ஷர்ட்டுக்கு முன் ஒரு கேள்வி: அந்தியூர் வட்டார வரைபடத் தன்னார்வலர்களுக்குத் திறந்த மடல்

அந்தியூர், பவானி, கோபி, அம்மாபேட்டை பக்கம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் வரைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், என்னைவிட மூத்த ஓரிரு அண்ணன்மாருக்கும்,



ஒரு நிறுவனம் நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மேப்பத்தான், அதாவது பலர் கூடி வரைபடம் போடும் நிகழ்ச்சி, நடத்த நம்மைக் கூப்பிட்டிருக்கிறது. இடம், இணையம், மதியச் சாப்பாடு, டீ-ஷர்ட், சான்றிதழ் எல்லாம் அவர்கள் செலவு. ஆள் திரட்டுவதும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் வேலை. குழுவில் பாதிப் பேர் "போலாங்க, என்ன இப்ப" என்கிறீர்கள். மீதிப் பேர் "கார்ப்பரேட்டுக்குக் கூலியில்லாத வேலை" என்கிறீர்கள். வாட்ஸப்பில் இதைப் பேசினால் நடுராத்திரி வரைக்கும் ஸ்டிக்கர்தான் வந்துகொண்டிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே மாதிரி அழைப்பு வேறு ஊர்க் குழுக்களுக்கும் போயிருக்கும், அல்லது நாளைக்குப் போகும். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் டீ-ஷர்ட் அளவு கேட்டு அவர்கள் அனுப்பும் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் நாம் ஒன்று கேட்க வேண்டும். நாம் போடுகிற கோட்டில் தப்பு இருந்தால் அதை யார் திருத்தலாம்? திருத்தியது எங்கே போய்ச் சேரும்? இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

உங்களில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. 2008-ல் கூகுள் 'மேப் மேக்கர்' என்று ஒன்றைத் தொடங்கியது. கூகுளின் இந்தியப் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கியது. அப்போது நம் மாதிரி ஊர்களுக்கு இணைய வரைபடத்தில் ஒரு நெடுஞ்சாலையும் ஒரு பெயரும்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான இந்தியர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து தெருக்களையும் கோயில்களையும் ஆஸ்பத்திரிகளையும் போட்டார்கள். 2013-ல் 'மேப்பத்தான்' என்ற பெயரிலேயே நாடு முழுக்கப் போட்டி வைத்துப் பரிசும் அறிவித்தார்கள். அனுமதி வாங்காமல் நடத்தினார்கள் என்று சர்வே ஆஃப் இந்தியா போலீசில் புகார் கொடுத்தது. விஷயம் சிபிஐ விசாரணை வரைக்கும் போனது. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது அதன் முடிவு. 2017 மார்ச் கடைசியில் மேப் மேக்கரை மூடினார்கள். மக்கள் போட்ட தெருக்கள் கூகுள் மேப்புக்குள் போய்விட்டன, இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. போட்டவர்களால் அதை அள்ளிக்கொண்டு வந்து வேறு ஒரு வரைபடத்தில் வைக்க முடியாது. ஊர்க்காரர் ஒருவர் தன் தெருவின் வடிவத்தைத் தானே வரைந்துவிட்டு, பிறகு அதே தெருவில் தப்பைப் பார்த்தால் 'கருத்து அனுப்பு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் இருந்தார்கள். 2012 ஜனவரியில் உலக வங்கி மேப் மேக்கர் தரவைப் பேரிடர் வேலைகளுக்குப் பயன்படுத்த கூகுளுடன் ஒப்பந்தம் போட்டபோது, மக்கள் கொடுக்கும் தகவலுக்கு ஒரு நிறுவனம் சொந்தம் கொண்டாடுவதா என்று உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. வரைந்தவர்களுக்கே அந்தத் தரவு தடையில்லாமல் கிடைக்கும் முயற்சிகளை மட்டும்தான் ஆதரிப்போம் என்று சில வாரங்களிலேயே வங்கி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேப் மேக்கரைவிட நான்கு வருடம் மூத்தது. 2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பித்தது. அந்த நாட்டு அரசாங்கத்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே மக்கள் வரிப்பணத்தில் வரைபடம் போட்டுவிட்டு அதை மக்களுக்கே விலைக்கு விற்கிறது என்ற கோபத்தில் பிறந்தது. இதன் உரிமத்தைப் பற்றி வகுப்பெடுக்கும்போது மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நம்மூர் வழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன். தோட்டங்களில் கூட்டுக்கிணறு இருக்கிறதல்லவா, பங்காளிகள் முறை வைத்து இறைப்பது? யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், விளைந்ததை விற்றுக் காசாக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் ஊறும் தண்ணீர் எல்லாப் பங்குக்கும்தான். 'நான்தான் ஆழப்படுத்தினேன், இனி இது எனக்கு மட்டும்' என்று மூடி போட முடியாது. 2012 செப்டம்பரில் இருந்து நம் தரவு இருக்கும் ஓடிபிஎல் உரிமத்தின் சாரம் இதுதான். எடுத்துக்கொள், பெயர் சொல், தரவைச் செம்மையாக்கி வெளியே விட்டால் அதையும் இதே உரிமத்தில் விடு. அந்த உரிம மாற்றத்தின்போது சம்மதிக்காதவர்களின் கோடுகளை எல்லாம் வரைபடத்தில் இருந்து அழித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இருபது வருடக் கதையில் இவ்வளவு வலியோடு எடுத்த முடிவு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அதை ஒரு டீ-ஷர்ட்டுக்காக மறந்துவிடக் கூடாது.

இப்போது 'கார்ப்பரேட் வேண்டவே வேண்டாம்' கட்சிக்கு வருகிறேன். அந்தக் கட்சிக்காரர்களே, நீங்கள் வரைவதற்கு ஐடி (iD) எடிட்டரைத் திறந்ததும் பின்னால் தெரிகிற செயற்கைக்கோள் படம் யாருடையது? 2010 கடைசியில் மைக்ரோசாப்ட் தன் பிங் படங்களின் மேல் வைத்து வரையலாம் என்று அனுமதி கொடுத்திராவிட்டால், பாதி இந்தியாவை ஜிபிஎஸ் கருவியோடு நடந்தேதான் வரைந்திருக்க வேண்டும். பேஸ்புக், கணினியைக் கொண்டு படத்தில் இருந்து சாலைகளைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தாய்லாந்தில் பெரிய அளவில் செய்து, 2019-ல் ரேப்பிட் எடிட்டரைக் கொடுத்தது. அதே 2019-ல் வந்த ஓர் ஆய்வு, சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் பெரிய நிறுவனங்களைப் பட்டியல் போட்டது. ஆப்பிள், அமேசான், மைக்ரோசாப்ட், பேஸ்புக் எல்லாம் அதில் உண்டு. கார்ப்பரேட் கை படாத ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இன்றைக்கு இல்லை.

கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் செய்யும், அதையும் பார்த்தாயிற்று. மாக்சார் நிறுவனத்தின் படங்கள் பல வருடம் எடிட்டரில் கிடைத்தன. மலைப்பக்கம் அது பிங்கைவிடத் தெளிவாக இருந்த இடங்கள் உண்டு. 2023-ல் நின்றுபோயின. மேப்பாக்ஸ் தன் வரைபட மென்பொருளை 2020 டிசம்பரில் திறந்த உரிமத்தில் இருந்து எடுத்துவிட்டது. மாக்சார் போனபோது நம்மால் கையைப் பிசையத்தான் முடிந்தது. மேப்பாக்ஸ் போனபோது அப்படி இல்லை. அதன் பழைய பதிப்பு திறந்த உரிமத்தில் இருந்ததால், அதை எடுத்து மேப்லிப்ரே என்ற பெயரில் தொடர்ந்தார்கள், இன்றைக்கு அது உலகம் முழுக்க ஓடுகிறது. முதலாவது அவர்கள் நம்மைப் பயன்படுத்த விட்டது, இரண்டாவது ஏற்கெனவே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. மேப்பத்தானில் நம் கையில் வந்து சேருவது இந்த இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லும் விஷயத்திலும் பெரிய இடத்தை நம்பி உட்கார முடியாது. 2012-ல் ஆப்பிள் தன் ஐபோட்டோ செயலியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்துவிட்டு நன்றி என்று ஒரு வரி போடவில்லை. ஊர் கூடிக் கத்திய பிறகுதான் போட்டது. கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்து ஓவர்ச்சர். நம்மைக் கூப்பிட்டிருப்பவர்கள் பேச்சில் அந்தப் பெயர் வந்ததால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

2022 டிசம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ், மெட்டா, மைக்ரோசாப்ட், டாம்டாம் நான்கும் சேர்ந்து, லினக்ஸ் பவுண்டேஷன் குடையின் கீழ் ஓவர்ச்சர் மேப்ஸ் பவுண்டேஷனைத் தொடங்கின. பிறகு எஸ்ரி போன்றவர்களும் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் முதல் முழு வெளியீடு: 200 கோடிக்கு மேல் கட்டிடங்கள், 5 கோடிக்கு மேல் கடை கண்ணி முதலான இடங்கள், சாலைகள், நிர்வாக எல்லைகள். அவர்கள் தீர்க்க வந்த பிரச்சினை நிஜமான பிரச்சினை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தரவில் ஒழுங்கு கிடையாது. அந்தியூரில் ஒரே மாதிரியான மூன்று சந்துகளை நம் ஆட்கள் மூன்று பேர் மூன்று விதமாக டேக் செய்திருக்கிறார்கள். சண்டைக்கு வராதீர்கள், திருத்த வரலாற்றைத் திறந்தால் பெயரோடு தெரிகிறது. ஒரு கட்டிடத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அதன் அடையாள எண்ணே மாறிப்போகிறது. ஓவர்ச்சர் ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத எண் ஒன்று கொடுக்கப் பார்க்கிறது. நல்ல யோசனைதான். நமக்கும் உதவும்.

ஆனால் உரிமத்தைப் பிரித்துப் பாருங்கள். சாலைகளிலும் கட்டிடங்களிலும் நம் தரவு கலந்திருப்பதால் அவை ஓடிபிஎல்-லேயே வருகின்றன. சாலையில் தப்பு என்றால் நாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தினால் போதும், அடுத்தடுத்த வெளியீட்டில் அங்கேயும் போய்ச் சேரும். கேள்விக்குப் பதில் சரி. 'இடங்கள்' என்ற அடுக்கு அப்படி இல்லை. மெட்டாவும் மைக்ரோசாப்டும் கொடுத்த தரவில் எழுந்தது அது, யாரும் எடுத்துச் செம்மையாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள வழிவிடும் உரிமத்தில் இருக்கிறது. அதற்குள் நம் கடைகள் போவதில்லை, உரிமம் ஒத்துவராது. அதற்குள் இருக்கும் தப்பை நாம் எடிட்டரைத் திறந்து திருத்தவும் முடியாது.

இது ஏதோ வக்கீல் பேச்சு என்று நினைக்காதீர்கள். பேஸ்புக் பக்கம் வைத்திருக்கும் செல்போன் கடை அந்த அடுக்கில் வந்துவிடும், கடையை மூடிய பிறகும் இருக்கும். வெற்றிலை மண்டிக்கும், தறி உதிரிபாகம் விற்கும் கடைக்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மதியம் மட்டும் சாப்பாடு போடும் அக்காவின் மெஸ்ஸுக்கும் பக்கம் கிடையாது. கூரியர் பையன் இன்னும் "அண்ணா, எங்க வரோணும்" என்று போன் பண்ணித்தான் கேட்கிறான். 'உங்கள் உரிமம்தான் தடை, அதைத் தளர்த்திவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும்' என்று அந்தப் பக்கம் ஒரு வாதம் உண்டு. நம் பக்கத்திலும் அதை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிர். தளர்த்தினால் நாளைக்கே மெஸ் அக்காவின் கடை அந்த அடுக்கில் வரும், உண்மைதான். நாளை மறுநாள் ஒருவர் அதன் மேல் வேலை நேரம், மதிப்பீடு, தொலைபேசி எல்லாம் சேர்த்துத் தன் செயலிக்குள் பூட்டுவார், அது நமக்குத் திரும்ப வராது. மேப் மேக்கர் கதையைச் சுற்றி வளைத்து மறுபடி எழுதியது மாதிரி ஆகும்.

மேப்பத்தான் அட்டவணையைப் பார்த்தேன். இரண்டாம் நாள் மதியம் 'கடைவீதி சர்வே' என்று இருக்கிறது. அதற்கு எந்தச் செயலி என்று எழுதவில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். ஸ்ட்ரீட்கம்ப்ளீட், எவ்ரிடோர் போன்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செயலிகளில் நம் கணக்கில் நேராகப் போடுவதென்றால் நானே வந்து கடைவீதியைச் சுற்றிக் காட்டுகிறேன். அவர்கள் கொடுக்கும் செயலியில் போட்டு அவர்கள் சர்வருக்கு அனுப்புவதென்றால், அந்த மதியத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

நிறுவனத்தின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் யோசியுங்கள். 2022 ஜூலையில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது முதலில் பத்து ஊர்களை எடுத்தது. தமிழ்நாட்டில் இருந்து சென்னை மட்டும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வியாபாரம் இருக்கும் பக்கம்தான் வண்டி போகும். அந்தியூருக்குக் கிடைப்பது, கணினி வானத்தில் இருந்து பார்த்து ஊகித்தது. அப்படி ஒரு கட்டிட அடுக்கைத் திறந்து அத்தாணி ரோட்டுப் பக்கத் தோட்டங்களைப் பார்த்தேன். வீடும் மாட்டுக்கொட்டகையும் பக்கத்து வைக்கோல் போரும் சேர்த்து ஒரே பெட்டி. கொஞ்சம் தள்ளி, களத்தில் விரித்த தார்ப்பாய் ஒன்று கட்டிடமாகியிருந்தது. ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவின்போது படம் எடுத்திருந்தால் குதிரைச் சந்தைக் கொட்டகை அத்தனையும் நிரந்தரக் கட்டிடமாகப் பதிவாகியிருக்கும். ஒரு புது ஊரே முளைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறானது இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். வேலி தழைத்துவிட்டால் மேலிருந்து பார்க்கும்போது இரண்டு வேலியும் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். பாதை அதற்குள் மறைந்துவிடும். கணினிக்கு அது பாதையே இல்லை. நடந்து போனால்தான் தெரியும், தெரிந்தாலும் வரைவதற்கு எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: டெம்போ நுழையுமா, டூவீலர் மட்டுமா, மழை பெய்தால் எந்த இடத்தில் சேறாகும், எந்தத் தோட்டத்துக்காரர் குறுக்கே படல் வைத்திருக்கிறார், அது ராத்திரிக்கு மட்டுமா எப்போதுமா. ராத்திரி பிரசவ வலி என்று 108-ஐக் கூப்பிட்டால் ஓட்டுநருக்குத் தேவைப்படுவது இந்த விவரம்தான். இதற்குக் காசு கொடுக்கும் விளம்பரதாரர் யாரும் கிடையாது.

தண்ணீரும் அப்படித்தான். வரட்டுப்பள்ளம் அணை நிரம்பி வழிந்தால் கெட்டிசமுத்திரம் ஏரிக்கும் அங்கிருந்து அந்தியூர் பெரிய ஏரிக்கும் தண்ணீர் வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ஓடைகள் எந்தெந்தக் குடியிருப்பின் ஓரமாக, எந்தக் குழாய்ப் பாலத்தின் அடியில் போகின்றன என்பது நம் வரைபடத்தில் விட்டு விட்டுத்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் வைத்து அவசரமாக உருவாக்கினார்கள். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. மழை வந்த பிறகு உட்கார்ந்து ஓடையை வரைய முடியாது.

பர்கூர் மலை விஷயத்தில் மட்டும் நான் அடம்பிடிப்பேன்.

அழைப்பில் 'பர்கூர் மலைப் பாதைகள்' என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்ததும் நம்மில் சிலருக்கு உற்சாகம். எனக்கும் ஆசைதான். தாமரைக்கரை தாண்டினால் பல இடத்தில் டவர் கிடையாது. ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் நாம் போட்ட பாதை இணையம் இல்லாமலே தெரியும் என்பது பெரிய விஷயம். ஆனால் அங்கே நிலைமை வேறு. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களின் காட்டில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. மேய்ச்சல் என்ன ஆகும், வன உரிமை என்ன ஆகும் என்று மலை மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பர்கூர் செம்மறை மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பது அவர்கள் பிழைப்பு. அந்தப் பட்டிகளையும் மாட்டுத் தடங்களையும் நாம் ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் வரைந்து வைத்தால், அது அவர்களுக்கு உரிமைச் சான்றாகவும் ஆகலாம், அவர்கள் மேலேயே திரும்பவும் செய்யலாம். திறந்த தரவு என்றால் எல்லோருக்கும் திறந்தது. வனத்துறைக்கும் திறந்தது, ரிசார்ட் போட இடம் தேடுபவருக்கும் திறந்தது, ஜீப் எடுத்துக்கொண்டு 'ஆஃப்ரோடு' வருகிறவருக்கும் திறந்தது. நாம் போட்ட ஒற்றையடிப் பாதை கொஞ்ச நாளில் ஓவர்ச்சர் வழியாக எந்தெந்தச் செயலியிலோ சுற்றுலாப் பாதையாகத் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அழித்தாலும் பழைய நகல்கள் உலகம் முழுக்க இருக்கும். யார் திருத்தலாம் என்ற என் கேள்வி இங்கே நம்மையே பார்த்துத் திரும்புகிறது. மலைக்காரர்கள் யாரும் நம் குழுவில் இல்லை. அவர்களைப் பற்றிய கோட்டை நாம் போட்டு, நாமே திருத்துவோம் என்றால், நிறுவனத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தின்படி, தங்கள் சமூக வன எல்லையை அடையாளம் காட்டிக் கோரிக்கை வைப்பது கிராம சபையின் வேலை. கொங்காடையிலோ சோளகனையிலோ தட்டக்கரையிலோ சபை கூடி, 'இந்தத் தடத்தைப் போடுங்கள், இதை விட்டுவிடுங்கள்' என்று சொன்னால், ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நாம் பின்னால் போகலாம். அவர்கள் பொதுவில் போட வேண்டாம் என்றால், காகிதத்தில் அச்செடுத்து அவர்களிடமே கொடுத்துவிட்டு வரலாம். வண்டி போகிற சாலை, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றை வரைவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டி, தடம், தேன் எடுக்கும் பாறை, சாமி இருக்கும் இடம் ஆகியவை மேப்பத்தானில் வரவே கூடாது.

நம்மிடம் அதிகாரம் இல்லை, அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இல்லைங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை 2018-லேயே அமைப்பாகச் சேர்ந்து வரைபவர்களுக்கு வழிகாட்டு நெறி போட்டிருக்கிறது. என்ன வரையப் போகிறோம், யார் யார் கணக்கு, எந்த ஹேஷ்டேக், தப்பு வந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்பதை முன்கூட்டியே பொதுவில் எழுதி வைக்க வேண்டும், உள்ளூர்க் குழுவிடம் பேச வேண்டும். இங்கே உள்ளூர்க் குழு நாம்தான். அந்த விவரத்தை அவர்கள் எழுதி வைக்கும்வரை நாம் ஆள் திரட்ட வேண்டியதில்லை.

அதே 2018 நவம்பரில் அறக்கட்டளைத் தேர்தல் நேரத்தில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் நூறு பேர், பெரும்பாலும் நம் நாட்டில் இருந்து, ஒரே நாளில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். விசாரணையே நடந்தது. அங்கே ஓட்டு தனி ஆளுக்குத்தான், பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஓட்டு இல்லை. அதனால்தான் அந்தச் சலசலப்பு. வருடத்தில் 42 நாள் வரைந்திருந்தால் இப்போது கட்டணமே இல்லாமல் உறுப்பினராகலாம். நம் குழுவில் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியவர்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் கார்ப்பரேட்டைத் திட்டுகிறவர்கள் அந்த விண்ணப்பத்தை இன்னும் போடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இன்றைக்கு ராத்திரியே போடுங்கள்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். நம் நாட்டில் வரைபடம் போடும் உரிமையே கெட்டியானது இல்லை. 2016-ல் வந்த புவியிடத் தகவல் மசோதா வரைவு அப்படியே சட்டமாகியிருந்தால், அனுமதி இல்லாமல் வரைந்தவருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஜெயில். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அது கிடப்புக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை விதிகளைத் தளர்த்தியது. இந்தியர் இனி முன்அனுமதி வாங்காமல் வரையலாம், குறிப்பிட்ட நுட்பத்துக்கு மேல் வெளிநாட்டு நிறுவனங்கள் தாமே தரவு உருவாக்க முடியாது. நம்மூர் ஆட்களைத் தேடி அழைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் பேரம் பேசும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம்.

நிறுவனத்துக்கு அனுப்பும் பதிலை எழுதி வைத்திருக்கிறேன். எல்லாத் திருத்தமும் அவரவர் சொந்தக் கணக்கில், நேராக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில். முதல் நாள் அவர்கள் சொல்லும் வேலை, இரண்டாம் நாள் நாம் சொல்லும் வேலை: கெட்டிசமுத்திரத்தில் இருந்து பெரிய ஏரி வரைக்கும் ஓடைகளும் மதகுகளும், ஆப்பக்கூடல் பக்கம் இட்டேரிகள். ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதுவது நம் பொறுப்பு. கணினி எழுத்துப்பெயர்ப்பை அப்படியே ஏற்றக் கூடாது. மலை கிடையாது. மாணவர்கள் வரைந்ததைச் சரிபார்க்க மேப்பத்தான் முடிந்து ஒரு மாதம் அவர்கள் தரப்பில் ஒரு ஆள் நம்மோடு இருக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் போடும் தப்பைத் திருத்துவதில்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. டீ-ஷர்ட் வந்தால் வரட்டும், முதுகில் அவர்கள் பெயர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இதில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை அனுப்பிவிடுவேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் ஓடை வேலை நிற்காது: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கெட்டிசமுத்திரம் ஏரிக்கரையில் சேரலாம். பவர்பேங்க் எடுத்து வாருங்கள், கரையில் வேலாமுள் அதிகம், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, அதற்குள் முதல் மதகு வரைக்குமாவது முடித்துவிடலாம்.

அன்புடன்,
அந்தியூரில் இருந்து உங்களில் ஒருவன்